சாட்டர்ன் 5 பெரிய பிளாஸ்டிக் கிட்டு, பெயிண்ட் அடிச்சு முடிக்கிறது எப்படி: மதுரைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்ல இது என்ன கிட்டு, எம்புட்டு பெருசு?

அப்பல்லோ ஆளுங்கள நிலாவுக்கு கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டு. நெசத்துல 363 அடி, நம்ம மீனாட்சி கோயில் தெற்கு கோபுரம் 170 அடி சொச்சம், அத ரெண்டு தடவ அடுக்குனாலும் ராக்கெட்டு இன்னும் கொஞ்சம் மேல நிக்கும். கிட்டுல 1/144 சைஸ்னா, அதாவது நெசத்துல 144ல ஒரு பங்கு, 77 செ.மீ வரும், 1/96னா 115 செ.மீ, 1/72னா ஒன்றரை மீட்டர தாண்டிரும். இங்க நான் சொல்றது பெரும்பாலும் 1/144க்கு, ஏன்னா முதல் தடவ பெரிய கிட்டு வாங்குறவங்க அதத்தான் வாங்குறாங்க. 1/96 பழைய கிட்டுல உடம்பே மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்ட சுருட்டி ஒட்டுற மாதிரி வரும், அது தனி தலைவலி, முதல் ராக்கெட்டா அத எடுக்காதீங்க.

அண்ணே, சின்ன பிளேன் கிட்டு நெறைய பண்ணிருக்கேன், இதுல என்ன புதுசா இருக்கப் போகுது?

பரப்பு. அதான் வித்தியாசமே. சின்ன பிளேன்ல அங்கிட்டு இங்கிட்டு டீட்டெயில் இருக்கும், கண்ணு அங்க ஓடிரும், தப்பு மறஞ்சிரும். இது முக்கால்வாசி வழவழன்னு வெள்ளை உருளை, வெள்ளைல ஒரு தலைமுடி கீறல் இருந்தாலும் லைட்ட சாய்ச்சு பிடிச்சா தெரியும். அதனால பெயிண்ட் அடிக்கிற நேரத்த விட அதுக்கு முன்னாடி தேய்க்கிற நேரம்தான் ஜாஸ்தி, இத ஒத்துக்கிட்டா கிட்டு நல்லா வரும், ஒத்துக்க முடியலன்னா வேற கிட்டு எடுங்க, கோச்சுக்காதீங்க.

மதுரைல சாமான் எங்க கிடைக்கும்?

டமியா (மாடல் பெயிண்ட் கம்பெனி) பெயிண்ட், மிஸ்டர் சர்ஃபேசர்ங்கிற ப்ரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) இதெல்லாம் ஆன்லைன்தான். ஸ்ப்ரே கேன் மட்டும் கூரியர்ல லேட்டாகும், அழுத்தத்துல அடைச்ச சரக்குன்னு பிளேன்ல ஏத்த மாட்டாங்க, ரோட்டு வழியாத்தான் வரும், அதனால முன்னாடியே ஆர்டர் போட்டுருங்க.

மத்ததெல்லாம் ஊருக்குள்ளயே இருக்கு. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகை வேலைக்கு சாமான் விக்கிற கடைல விசாரிங்க, சாமணம், ஊசி அரம், மயிர் மாதிரி மெல்லிசான டிரில் பிட், பட்டறைக்காரங்க வாங்குற சரக்கு, ஹாபி டூல்னு பேர் போட்டு ஆன்லைன்ல விக்கிறத விட உறுதியாவும் இருக்கும் விலையும் கம்மி. வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 நாலும் ஹார்டுவேர்ஸ் கடைலயோ கார் பெயிண்ட் கடைலயோ வாங்கிக்கங்க. மரத்துக்கு தேய்க்கிற சாதா உப்புத்தாள் வேண்டாம், அது கீறிவிட்டுட்டு போயிரும்.

முழுசா ஒட்டிட்டு பெயிண்ட் அடிக்கணுமா, அடிச்சிட்டு ஒட்டணுமா?

ரெண்டும் இல்ல. ஒவ்வொரு நிலையையும் (ராக்கெட்டுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன பகுதி) தனித்தனியா ஒட்டி முடிச்சு, தனித்தனியா பெயிண்ட் அடிச்சு, கடைசில ஒண்ணு மேல ஒண்ணு சொருகுங்க. கீழ் நிலை 1/144ல 29 செ.மீ தான் வரும், ஒரு கையால பிடிச்சு சுத்திச் சுத்தி அடிக்கலாம். மொத்தத்தையும் ஒட்டிட்டு 77 செ.மீ குச்சிய வச்சுக்கிட்டு ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா எங்க கை வைக்கிறதுன்னே தெரியாது. உள்ள ஒரு பி.வி.சி. பைப் துண்டையோ காலி வாட்டர் பாட்டிலையோ டேப் சுத்தி டைட்டா சொருகி அதையே கைப்பிடியா வச்சுக்கங்க. என்ஜின், எஸ்கேப் டவர் (உச்சில நிக்கிற மெல்லிசு கம்பிக் கோபுரம்) ரெண்டையும் கடைசி வரைக்கும் ஒட்டாதீங்க, டவர் கம்பி உடையறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

ரெண்டு பாதிய ஒட்டுன கோடு எவ்வளவு தேய்ச்சும் பெயிண்டுக்கு அப்புறம் திரும்பவும் தெரியுதே?

எல்லாரும் கேக்குற கேள்வி இதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஒட்டும்போதே பாதி பிரச்சினைய முடிக்கலாம். மெல்லிசான பிளாஸ்டிக் சிமெண்ட்ட ரெண்டு விளிம்புலயும் தாராளமா தடவி, கொஞ்ச நேரம் விட்டு அமுக்குனா உருகுன பிளாஸ்டிக் கோட்டு மேல மணி மாதிரி பிதுங்கும், அத தொடைக்காதீங்க, ரப்பர் பேண்டு போட்டு ரெண்டு மூணு நாள் அப்டியே விடுங்க. அந்த மணியே கோட்ட அடைச்சிரும். அவசரப்பட்டு மறுநாளே தேய்ச்சீங்கன்னா உள்ள பிளாஸ்டிக் இன்னும் மெத்துன்னு இருக்கும், தேய்க்கும்போது சமமா தெரியும், ஒரு வாரத்துல சுருங்கி பள்ளமாகும், அதான் "திரும்பவும் தெரியுது".

இன்னும் இடைவெளி இருந்தா ஃபெவிக்விக் ஒரு சொட்டு ஊசி முனையால இழுத்துவிட்டு காஞ்ச அன்னைக்கே தேய்ச்சிருங்க, நாள் தள்ளுனா அது பிளாஸ்டிக்க விட கெட்டியாகி, சுத்தி இருக்குறது தேயும் அது மட்டும் மேடா நிக்கும். கார் பெயிண்ட் கடைல கொடுக்குற என்.சி. புட்டி (கார்ல பள்ளம் அடைக்கிற பசை) மெல்லிசா பூசுனா பரவால்ல, தடியா அப்புனா அதுவும் சுருங்கும், பிளாஸ்டிக்கையும் அரிக்கும். பெரிய ஓட்டைக்கு எம்சீல், அது சுருங்காது.

தேய்க்கும்போது விரல்ல பேப்பர சுத்தித் தேய்க்காதீங்க, உருளை தட்டையாகிரும். பேப்பர நீளமா பட்டையா கிழிச்சு, ரெண்டு முனையையும் பிடிச்சு செருப்பு பாலிஷ் போடுறவங்க துணிய இழுப்பாங்கள்ல அந்த மாதிரி இழுங்க, பேப்பர் வளைவோடயே போகும். தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டுக்கங்க. அப்புறம் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சு பாருங்க, கண்ண மூடி நகத்த குறுக்க இழுத்து பாருங்க, நகம் தட்டுச்சுன்னா இன்னும் முடியல.

ப்ரைமர் கட்டாயமா? கார் ப்ரைமர், டூகோ பெயிண்ட் அடிக்கலாமா?

ப்ரைமர் கட்டாயம். அது பெயிண்ட் பிடிக்கிறதுக்கு மட்டும் இல்ல, தப்பு கண்டுபிடிக்கிறதுக்கு. முதல்ல சாம்பல் கலர் ப்ரைமர் மெல்லிசா அடிச்சா மறஞ்சிருந்த கீறல் எல்லாம் வெளிய வரும், அத சரிபண்ணி திரும்ப அடிச்சு, திருப்தியானதும் வெள்ளை ப்ரைமர் ஒரு கோட்டு. சாம்பல் மேல நேரா வெள்ளை அடிச்சா மூட மூட கோட்டு ஏறிக்கிட்டே போகும், தகடு இணைப்புக் கோடெல்லாம் ரொம்பிரும்.

டூகோ சமாச்சாரம்: ஒர்க்‌ஷாப்ல பைக் டேங்குக்கு அடிக்கிறது என்.சி. பெயிண்ட், அதுல கலக்குற என்.சி. தின்னர் பாலிஸ்டைரீன, அதாவது கிட்டு பிளாஸ்டிக்க, கரைக்கும். வெறும் பிளாஸ்டிக் மேல ஈரமா அடிச்சீங்கன்னா மேல்தோல் சுருங்கி வெடிச்ச களிமண் தரை ஆகிரும், திரும்ப எடுக்கவே முடியாது. ஹாபி ப்ரைமர் நல்லா காஞ்சதுக்கு மேல, தூரத்துல இருந்து தூவுன மாதிரி அடிச்சா தாங்கும். ஆனா முதல்ல கிட்டோட சட்டத்துல (பாகம் எல்லாம் ஒட்டிக்கிட்டு வருமே அந்த கம்பி) ஒரு துண்டுல அடிச்சு பாத்துட்டு அப்புறம் ராக்கெட்டுக்கு வாங்க.

ஸ்ப்ரே கேன் போதுமா, ஏர்பிரஷ் வாங்கணுமா?

வெள்ளைக்கு கேன் போதும், சொல்லப்போனா இவ்வளவு பெரிய பரப்புக்கு கேன்தான் சீரா விழும். டமியா டி.எஸ்-26 நல்ல வெள்ளை. கறுப்பு பட்டை, சின்ன பாகம் இதுக்கு ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயிண்ட் தூவுற பேனா மாதிரி கருவி) இருந்தா சொகுசு, 0.3 நாசில், 15லருந்து 20 பி.எஸ்.ஐ. போதும். டமியா அக்ரிலிக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊத்தி பால் மாதிரி தண்ணியா கலந்துக்கலாம். பிரஷ்ஷால வெள்ளைய இழுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: வேண்டாங்க.

சித்திரை வெயில்ல அடிச்சேன், வெள்ளை சொரசொரன்னு மணல் ஒட்டுன மாதிரி இருக்கு. ஏன்?

பெயிண்ட் காத்துலயே காஞ்சு தூளா போய் உக்காருது. நம்ம ஊர்ல ஏப்ரல் மே மத்தியானம் 38, 40 டிகிரி, காத்துல ஈரமும் கிடையாது, அதனால சொட்டு பரப்புல போய் சேர்ந்து பரவுறதுக்குள்ள காஞ்சிருது. காலைல ஆறரை ஏழு மணிக்குள்ள அடிங்க, இல்ல ராத்திரி. கேன ஒரு சாண் தூரத்துக்கு கொண்டுவாங்க, ரெண்டு சாண்ல நின்னு அடிச்சா மணல்தான் வரும். ஏர்பிரஷ்னா ரிடார்டர் (காயறத மெதுவாக்குற திரவம்) கொஞ்சம் சேருங்க. ஏற்கனவே சொரசொரப்பானத 2000 வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டு பைய தேய்ச்சு மேல ஒரு கோட்டு கொடுத்தா சரியாகிரும்.

முதல் ரெண்டு கோட்டு மூடாது, அடில இருக்குறது தெரியும், தெரியட்டும். மூணாவது நாலாவதுலதான் மூடணும். மூடலையேன்னு ஒரே தடவைல ஊத்துனா வழிஞ்சு கீழ கண்ணீர் மாதிரி தொங்கும்.

இன்னொண்ணு, சீக்கிரம் காயட்டும்னு மொட்டமாடி வெயில்ல வைக்காதீங்க, மெல்லிசான பாகம் வளைஞ்சிரும். கேனையும் வெயில்ல வைக்கக்கூடாது, 50 டிகிரிக்கு மேல சூடாக்காதேன்னு கேன் மேலயே எழுதிருப்பான்.

ஐப்பசி மழைல அடிச்சா பளபளப்பு போய் புகை படிஞ்ச மாதிரி ஆகுதே?

லேக்கர் (கேன்ல வர்ற சீக்கிரம் காயிற பெயிண்ட்) வேகமா ஆவியாகும்போது பரப்ப குளிர வைக்குது, காத்துல இருக்குற ஈரம் அதுல படிஞ்சு உள்ள மாட்டிக்குது. வெள்ளைல அவ்வளவா தெரியாது, கறுப்புலயும் கிளியர்லயும் (நிறமில்லாத மேல்பூச்சு) அசிங்கமா தெரியும். மழை விட்ட மறுநாள் வெயில் வந்தப்புறம் அடிங்க, முடிஞ்சது.

ஈரப் பெயிண்ட்ல பூச்சி விழுந்துருச்சு, எடுக்கவா?

தொடாதீங்க! முழுசா காயட்டும், அப்புறம் சாமணத்தால காலு ரெக்கைய எடுத்துட்டு 2000ல தேய்ச்சு மேல அடிங்க. மழை பெஞ்ச சாயங்காலம் டியூப் லைட்டுக்கு ஈசல் வர்ற நேரத்துல வெள்ளை பெயிண்ட் அடிக்கிறது ஈசலுக்கு பந்தி விரிக்கிறது, அன்னைக்கு வேற வேலை பாருங்க. தூசிக்கு, அடிக்கிறதுக்கு முன்னாடி தரைல தண்ணி தெளிச்சிருங்க, ஃபேன நிறுத்துங்க, அடிச்ச உடனே பிளாஸ்டிக் அண்டா எதையாவது கவுத்து மூடுங்க.

கறுப்பு வெள்ளை கட்டம் எதுக்கு? கிட்டு படத்துல உள்ளபடியே அடிக்கலாமா?

ராக்கெட்டு மேல போகும்போது எந்தப் பக்கம் எவ்வளவு சுத்துதுன்னு கேமராவுல தெரியணும், அதுக்குத்தான் கறுப்பு. வெள்ளை வெயில் சூட்ட தள்ளிவிட.

இப்ப முக்கியமான விஷயம். 1966ல ஏவுதளத்த சரிபாக்குறதுக்காக 500எஃப்னு ஒரு ராக்கெட்ட நிறுத்துனாங்க, அது பறக்கவே இல்ல. அதுல முதல் நிலையோட நடு இடுப்புல, ரெண்டு டேங்குக்கு நடுவுல வரிவரியா இருக்குமே அந்த பகுதில கறுப்பு இருந்துச்சு. வெயில்ல அந்த இடம் ரொம்ப சூடாகுதுன்னு பறந்த ராக்கெட்டுகள்ல அத வெள்ளை ஆக்கிட்டாங்க. ஆனா அந்த காலத்துல கிட்டு செஞ்சவங்களுக்கு கிடைச்ச போட்டோ 500எஃப் தான், அதனால பழைய பெட்டிப் படம் பலதுல இடுப்புல கறுப்பு இருக்கும். 1969 ஜூலை 16 கிளம்புன அப்பல்லோ 11 பண்றீங்கன்னா இடுப்பு வெள்ளை. பெட்டிய நம்பாதீங்க, நாசா போட்டோ இலவசமாவே கிடைக்குது, எந்த அப்பல்லோன்னு முடிவு பண்ணி அந்த ராக்கெட்டு போட்டோவ மட்டும் பாருங்க.

மாஸ்கிங் டேப் எடுத்தா கறுப்பு உள்ள கசிஞ்சு பல்லு பல்லா இருக்கு.

சுங்குடிச் சேலைல முடிச்சு லூசா இருந்தா சாயம் உள்ள போயிரும்ல, அதே கதைதான், விளிம்பு இறுகணும். பெயிண்டர் கடை டேப்பு தடி, விளிம்பும் நேரா இருக்காது, அது பரப்ப மூட மட்டும். விளிம்புக்கு டமியா மஞ்ச டேப்பு, அதையும் கண்ணாடி மேல ஒட்டி புது பிளேடுல ஓரத்த வெட்டிட்டு ஒட்டுங்க. வரி மேடு மேல போற இடத்துல பல்குச்சி வச்சு ஒவ்வொரு பள்ளத்துலயும் அமுக்கணும், சோம்பேறித்தனம் பட்டா அங்கதான் கசியும்.

அப்புறம் கறுப்புக்கு முன்னாடி டேப்பு விளிம்பு மேல அதே வெள்ளைய ஒரு தூவு தூவுங்க. கசியிறதா இருந்தா வெள்ளைதான் கசிஞ்சு ஓட்டைய அடைக்கும், வெள்ளைக்குள்ள வெள்ளை கசிஞ்சா யாருக்கு தெரியும். அது காஞ்சதும் கறுப்பு. கறுப்பு முழுசா காயறதுக்கு முன்னாடியே, தொட்டா ஒட்டாத பதத்துல, டேப்ப பின்னாடி மடிச்சாப்ல பைய உரிங்க.

எப்பவும் வெள்ளை முதல்ல, கறுப்பு அப்புறம்.

சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளையேவா?

வெள்ளை சரி. கறுப்பு மட்டும் டமியா எக்ஸ்.எஃப்-1 (சுத்தக் கறுப்பு) அடிச்சா சின்ன மாடல்ல ஓட்டை விழுந்த மாதிரி தெரியும், எக்ஸ்.எஃப்-85 ரப்பர் பிளாக் அடிச்சு பாருங்க, தூரத்துல இருந்து பாக்குற ராக்கெட்டு மாதிரி இருக்கும். உச்சில இருக்குற சர்வீஸ் மாடியூல் (ஆளுங்க உக்கார்ற கூம்புக்கு கீழ இருக்குற உருளை) வெள்ளை கிடையாது, வெள்ளி.

கீழ அஞ்சு என்ஜினுக்கு என்ன கலர்?

மியூசியத்துல இருக்குற ராக்கெட்ட பாத்துட்டு கன்மெட்டல் (அடர் உலோகச் சாம்பல்) அடிக்கிறாங்க. பறந்தப்ப அப்படி இல்ல. அஞ்சு எஃப்-1 என்ஜினும் ஒண்ணா எரியும்போது கீழருந்து வர்ற அனல் தாங்க, என்ஜினுக்கு மேல உலோகத் தகடு போர்த்துன வெப்பக் கவசத்த சுத்திருப்பாங்க, கசக்குன வெள்ளித்தாள் மாதிரி. மியூசியத்துல நிக்கிறதுல அது கிடையாது.

மாடல்ல இத செய்றது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. 1/144ல என்ஜின் நாசில் (நெருப்பு வெளிய வர்ற மணி மாதிரி பகுதி) வாய் இரண்டரை செ.மீ வரும். சமையல் ஃபாயில் ஒரு துண்டு, இல்ல சாக்லேட்டு சுத்தி வர்ற மெல்லிசு வெள்ளித்தாள், உள்ளங்கைல வச்சு உருட்டி கசக்குங்க, பிரிச்சு புத்தகத்துக்கு நடுவுல வச்சு லேசா அமுக்குங்க, முழுசா தட்டையாகக்கூடாது, சுருக்கம் அரிசி நொய் அளவுக்கு இருக்கணும், அதுக்கு மேல பெருசா இருந்தா ஸ்கேல் கெட்டுரும். நாசில் வெளிப்பக்கத்துக்கு பேப்பர்ல விசிறி வடிவம் ஒண்ணு வெட்டி அளவு பாத்துட்டு அதே மாதிரி தாள வெட்டுங்க. ஃபெவிக்கால்ல கொஞ்சம் தண்ணி கலந்து தடவி, மேலருந்து கீழ, பஞ்சு வச்ச குச்சியால ஒத்தி ஒத்தி ஒட்டுங்க, தேய்ச்சா கிழியும். சேர்ற கோடு உள்பக்கம், நடு என்ஜின பாத்த மாதிரி வச்சுக்கங்க, யாரும் பாக்கப் போறதில்ல. காஞ்சதும் பளபளப்ப குறைக்க எக்ஸ்.எஃப்-86 மேட் கிளியர்ல ஒரு துளி சாம்பல் கலந்து தூவுனா கல்யாண ஜிகினா மாதிரி இருந்தது நெச ராக்கெட்டு ஆகும். உள்பக்கம் அடர் சாம்பல்.

டீக்கல் (தண்ணில நனைச்சு ஒட்டுற எழுத்து, படம்) ஒட்டுன அப்புறம் சுத்தி வெள்ளை வெள்ளையா கறை!

போர் தண்ணி. உப்பு. வெள்ளை மேல தெரியாது, கறுப்பு கட்டத்து மேலயும் சிவப்பு எழுத்து மேலயும் காஞ்சப்புறம் படிஞ்சு தெரியும், டீக்கலுக்கு அடில மாட்டுனா எடுக்க முடியாது. கேன் தண்ணி பரவால்ல, அத விட பேட்டரி கடைல விக்கிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிட்டா கிட்டு முடியிற வரைக்கும் வரும்.

டீக்கலுக்கு அடில பரப்பு பளபளன்னு இருக்கணும், பளபளப்பு இல்லாத மேட் மேல ஒட்டுனா காத்து மாட்டி வெள்ளிப் பூத்த மாதிரி தெரியும். அதனால எக்ஸ்-22 கிளியர் ஒரு கோட்டு, அப்புறம் டீக்கல். வரி மேடு மேல உக்கார மைக்ரோ சோல் (டீக்கல இளக்குற திரவம்) தடவுங்க, தடவுனதும் டீக்கல் சுருங்கி பயமுறுத்தும், கை வைக்காம எந்திரிச்சு போயிருங்க, காயும்போது தானா இறங்கிரும். பழைய கிட்டுன்னா டீக்கல் தண்ணில தூள் தூளா போகும், தேவையில்லாத ஒரு சின்ன டீக்கல முதல்ல போட்டு பாருங்க, உடைஞ்சா மீதி எல்லாத்துக்கும் மேல கிளியர் ஒரு கோட்டு அடிச்சு காயவச்சு ஒவ்வொண்ணா வெட்டி எடுங்க.

அழுக்கு, கரி எல்லாம் போடலாமா?

ஏவுறதுக்கு முன்னாடி நிக்கிற ராக்கெட்டு புதுசு, சுத்தமா இருக்கும். கோடு கோட்டுக்கும் கறுப்பு வாஷ் (தண்ணியா கரைச்ச பெயிண்ட்) இறக்கி தார் ரோடு போட்ட மாதிரி பண்றவங்கள பாத்தா எனக்கு சங்கடமா இருக்கும். வரிப் பகுதில மட்டும் வெளிர் சாம்பல் எனாமல் வாஷ் லேசா இறக்கி, வரி மேட்டு மேல இருக்குறத துணியால தொடைச்சிருங்க. அதுக்கு மேல வேண்டாம். கடைசி கிளியர் அரை பளபளப்பு போதும்.

வீட்டுல வாசனை தாங்கலன்னு திட்டுறாங்க.

திட்டுறது நியாயம்தான. துணி மாஸ்க்கும் என்95ம் தூள தடுக்கும், தின்னர் ஆவிய தடுக்காது, கரி டப்பா வச்ச பெயிண்டர் மாஸ்க் வாங்குங்க. சாமி விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எரியிற பக்கம் கேன எடுக்கவே கூடாது. எப்ப முழுசா காஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுக்கவும் வாசனைதான் அளவு, மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்து பெயிண்ட் வாடை வந்தா இன்னும் காயல, டேப் ஒட்டாதீங்க, ரேகை பதியும்.

நம்ம இஸ்ரோ ராக்கெட்டு பண்ண முடியாதா?

எல்.வி.எம்-3, சந்திரயான் 3 போனது, 43.5 மீட்டர். 3டி பிரிண்ட் எடுத்தா 1/144ல 30 செ.மீ, சாட்டர்ன் முதல் நிலை உயரம்தான் வரும், பக்கத்துல நிறுத்துனா அழகா இருக்கும். பிரிண்ட்ல படிப்படியா வரி இருக்கும், தடி ஃபில்லர் ப்ரைமர் அடிச்சு தேய்ச்சு, திரும்ப அடிச்சு தேய்ச்சு போகணும். பிளாஸ்டிக் கிட்டுக்கு சொன்ன சிமெண்ட் இதுல பிடிக்காது, ஃபெவிக்விக்தான்.

கொலுவுல வைக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க.

வைங்க, பார்க்கு செட்டுக்கு பக்கத்துல ஏவுதளம் வைக்கிறது நல்லாத்தான் இருக்கும். ஆனா விளக்குப் புகை படாத ஓரத்துல, சுண்டல் வாங்க வர்ற பிள்ளைங்க கை எட்டாத படில. அடில கனம் வேணும், ஒட்டுறதுக்கு முன்னாடியே முதல் நிலைக்குள்ள போல்ட்டு நட்டு போட்டு எம்சீல் வச்சு அடைச்சிருங்க, இல்லன்னா ஃபேன் காத்துக்கே ஆடும். மத்த நாளைக்கு போர்டு எழுதுற கடைல அளவு சொன்னா அக்ரிலிக் ஷீட்டுல பெட்டி செஞ்சு கொடுப்பாங்க, உள் உயரம் ராக்கெட்ட விட நாலு விரல் கூடுதலா சொல்லுங்க, டவர் முனை இடிக்கக்கூடாது. ஜன்னல் வெயில் நேரா விழற இடம் வேண்டாம், கிளியர் மஞ்சளாகிரும்.